தாய்லாந்து மாணவர்களுக்கான சமூகத் தொடர்புத் திறன் மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்கில் பள்ளிக் குழந்தைகளோடு வேலை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர் நான். ஆங்கிலத்தில் உருவான ஒரு சமூகத் தொடர்புத் திறன் படிவத்தைத் தாய்லாந்து மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றும் குழுவில் இருந்தேன். அப்போது ஊரிலிருந்து சக தெரபிஸ்ட்டுகளும் சிறப்புக் கல்வி படிக்கும் மாணவர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு சங்கடம்: 'தாய் மொழி' என்று எழுதினால் நம் கண்ணுக்கு அம்மா சொல்லித்தந்த மொழிதான் தெரியும். அதனால் எல்லா இடத்திலும் 'தாய்லாந்து மொழி' என்றே எழுதுகிறேன்.

சமூகத் தொடர்புத் திறன் என்றால் எதைச் சொல்கிறீர்கள்?

சொற்களும் இலக்கணமும் தெரிந்த பிறகும் மிச்சமிருக்கிற திறன் அது. யாரிடம் எப்படிப் பேசுவது, எப்போது வாயை மூடுவது, எதிரில் இருப்பவர் சலித்துவிட்டார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, கேலியைக் கேலி என்று எப்படிப் புரிந்துகொள்வது. நாம் 'இடம் பொருள் ஏவல்' என்போமே, அதேதான். தாய்லாந்து மொழியிலும் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: 'காலதேச'. வடமொழியிலிருந்து போன சொல் என்று கேட்டவுடனே தெரிந்துவிடும். "இவனுக்குக் காலதேசம் தெரியாது" என்று ஆசிரியர் சொன்னால், எந்த நேரத்தில் யார் முன்னால் என்ன செய்வது என்று அறியாதவன் என்று பொருள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்தத் திறனில்தான் முதலில் சிக்கல் தெரியும். ஆட்டிசம் இல்லாமல் இது மட்டும் தடுமாறுகிற குழந்தைகளுக்காக, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு 2013இல் தனியாக ஒரு பிரிவே வைத்தது.

இதை அளக்கப் புகழ்பெற்ற படிவங்கள் உண்டு. எஸ்சிக்யூ 40 கேள்விகள் கொண்டது, பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொல்வார்கள். சிசிசி-2இல் 70, எஸ்ஆர்எஸ்-2இல் 65. இவையெல்லாம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்தவை.

நல்ல மொழிபெயர்ப்பாளரை வைத்து மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. ஏன் என்பதற்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் குழந்தை 'நீ' என்றோ தன் பெயரையோ சொல்கிறதா? ஆட்டிசம் தொடர்பான ஆங்கிலப் படிவங்களில் இது அடிக்கடி வரும் கேள்வி. ஆங்கிலத்தில் 'நான்' ஒன்றுதான், 'நீ' ஒன்றுதான். அவை இடம் மாறினால் பளிச்சென்று தெரியும்.

தாய்லாந்து மொழியில் என்ன நடக்கிறது? சின்னக் குழந்தை தன்னை 'நூ' என்று சொல்லிக்கொள்ளும். நேர்ப்பொருள் எலி. அம்மாவும் குழந்தையை 'நூ' என்றுதான் கூப்பிடுவார். "நூ சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "நூ சாப்பிட்டாச்சு" என்று பதில் வரும். 'நானு'க்கும் 'நீ'க்கும் ஒரே சொல்! நம் வீடுகளில் "பாப்பா சாப்பிட்டுச்சா?" என்று கேட்டால் "பாப்பாக்கு வேணாம்" என்று குழந்தை சொல்வதைப் போல. இதைத் தவிர, தன் செல்லப்பெயரையே 'நான்' போலப் பயன்படுத்துவதும் சாதாரணம், பெரியவர்கள்கூடச் செய்வார்கள். எழுவாயே இல்லாமல் பேசுவதும் சாதாரணம். ஆசிரியை தன்னை 'க்ரூ' என்பார், நம் 'குரு'தான். அம்மா தன்னை 'மே' என்பார். 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் 'காவ்' ஒன்றே போதும், ஆகவே ஆண்பால் பெண்பால் குழப்பம் பற்றிய கேள்விக்கும் அங்கே வேலை இல்லை.

அந்தக் கேள்வியை எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாலும் பெற்றோர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். "ஆமாம், பெயரைத்தான் சொல்லிக்கொள்கிறான்" என்று எல்லாரும் டிக் அடிப்பார்கள். அல்லது "இது என்ன கேள்வி?" என்று விழிப்பார்கள்.

அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். பேசுபவர் மாறினால் பாத்திரம் மாறும் என்பது குழந்தைக்குப் புரிகிறதா? தேடுவது இதைத்தான். தாய்லாந்தில் அது வெளிப்படுகிற இடம் வேறு. மூத்தவருக்கு 'பீ', இளையவருக்கு 'நோங்' என்ற இரண்டு சொற்கள். ஆறு வயதுச் சிறுவன் தங்கைக்கு முன்னால் 'பீ', பெரியப்பா மகனுக்கு முன்னால் 'நோங்', டீச்சருக்கு முன்னால் வேறு ஒன்று. ஒரு நாளில் பத்துத் தடவை இந்தச் சட்டையை மாற்றிக்கொள்கிறான். எல்லாரிடமும் ஒரே சட்டையோடு திரிகிற குழந்தையைத்தான் கவனிக்க வேண்டும். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டோம், அதன் இடத்தில் பீ-நோங் மாற்றம் பற்றிய கேள்வி வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் பென்சிலால் "யாரிடம்?" என்று எழுதி வைத்தோம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்ற கேள்விகூடவா மாற வேண்டும்?

எந்தப் பெயர் என்று சொல்ல வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பாலி, சமஸ்கிருதத்தில் நீளமான ஒரு பெயர். வீட்டிலும் வகுப்பிலும் கூப்பிடுவது ஓரசைச் செல்லப்பெயர்: மூ (பன்றி), நோக் (பறவை), குங் (இறால்), ஐஸ், பேங்க். பதிவேட்டைப் பார்த்து முழுப்பெயரை உரக்கப் படித்தால் நான்கு வயதுக் குழந்தை திரும்பாது. அதற்கு அது யாரோ. படிவத்தின் முதல் வரியிலேயே செல்லப்பெயருக்கு ஒரு கட்டம் வேண்டும்.

வணக்கம் சொல்வதை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

இதில் நானே சறுக்கினேன். வந்த புதிதில், வகுப்பு முடிந்து போகும் சிறுமிக்குக் கையசைத்தேன். அவள் கையசைக்கவில்லை. 'பிரியும்போது சைகை இல்லை' என்று குறித்துக்கொண்டேன். அவள் கதவருகே நின்று, இரு கைகளையும் கூப்பித் தலைகுனிந்துவிட்டுத்தான் போனாள். என் கண் தாளில் இருந்தது.

அந்தக் கைகூப்பை அங்கே 'வாய்' என்பார்கள். தமிழில் எழுதினால் வேறு உறுப்பு நினைவுக்கு வருகிறது என்பதால் கைகூப்பு என்றே சொல்கிறேன். பள்ளியில் கற்றுத்தரும் முறையில் இதற்கு மூன்று படிகள். பிக்குகளுக்குக் கட்டைவிரல் புருவ நடுவில். பெற்றோர், ஆசிரியர், பெரியவர்களுக்கு மூக்கு நுனியில். ஓரளவு மூத்தவர்களுக்கும் ஒத்த வயதினருக்கும் முகவாயில். இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும், பெரியவர் ஏற்றுக்கொள்வார். கூடவே 'சவத்தீ' என்ற சொல்லும் வரும். நம் 'ஸ்வஸ்தி'தான் மூலம். ஆனால் வணக்கத்துக்கு இந்தச் சொல்லைச் சொல்லும் வழக்கம் பழையதல்ல. சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் 1930களில் பழக்கத்துக்கு வந்து, 1943இல் அரசு அதிகாரபூர்வ வணக்கச் சொல்லாக்கியது.

சரி, 'கையசைக்கிறதா' என்பதை 'கைகூப்புகிறதா' என்று மாற்றிவிட்டால் முடிந்ததா? அங்கேதான் அடுத்த குழி. நடை பழகும் முன்பே குழந்தையின் இரு கைகளையும் பிடித்துச் சேர்த்து "து ஜா" என்பார்கள். நம் ஊரில் "சாமி கும்பிடு" என்பது மாதிரி. ஆயிரம் தடவை பழக்கப்பட்ட அசைவு அது. ஆட்டிசம் உள்ள குழந்தையும் பழக்கிவிட்டால் நேர்த்தியாகச் செய்யும், சில நேரம் மற்ற குழந்தைகளைவிட நேர்த்தியாக. எனவே கைகூப்பு இருக்கிறது என்பதால் மட்டும் ஒன்றும் தெரிந்துவிடாது.

நாங்கள் பார்ப்பது மூன்று. யாரும் சொல்லாமலே செய்கிறதா, "து ஜா" என்று சொன்ன பிறகா? சரியான ஆளுக்கா? தன்னைவிடச் சின்னப் பையனுக்கும், இப்போதுதான் ஒரு தடவை கும்பிட்ட அதே ஆசிரியைக்கு ஐந்து நிமிடத்தில் மறுபடியும் செய்கிறதா? செய்யும்போது எதிரில் இருப்பவர் கவனிக்கிறார் என்று உறுதிசெய்துகொண்டு செய்கிறதா, காற்றுக்குச் செய்கிறதா? மூன்றாவதற்குத்தான் எங்கள் படிவத்தில் மதிப்பெண் அதிகம்.

நன்றி சொல்வதும் இப்படித்தான். மேலே இருப்பவருக்கு 'கோப் குன்', கீழே இருப்பவருக்கு 'கோப் ஜாய்'. டீச்சரிடம் 'கோப் ஜாய்' என்று சொன்ன குழந்தை நன்றி சொன்னதா, மரியாதை தவறியதா? 'நன்றி சொல்கிறது: ஆம், இல்லை' என்ற இரு கட்டத்தில் இது அடங்காது.

கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால்?

ஆசிரியர் கண்டிக்கும்போது தாய்லாந்துக் குழந்தை தரையைப் பார்த்தால் அது பணிவு. நிமிர்ந்து பார்த்தால்தான் ஆசிரியருக்குக் கோபம் வரும். நம் பள்ளிகளில் "என்ன மொறைக்கிற?" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'தாய்லாந்துக் குழந்தைகள் கண்ணைப் பார்ப்பதில்லை' என்று சொல்லிக் கேள்வியை நீக்கிவிடுவதும் தவறு. தோழியோடு விளையாடும்போது, அம்மாவிடம் புதுப் பொம்மையைக் காட்டும்போது அவர்களும் நன்றாகவே பார்க்கிறார்கள். ஆகவே ஒரு கேள்வியை மூன்றாக உடைத்தோம்: அம்மாவிடம், நண்பர்களிடம், ஆசிரியரிடம். மூன்றாவதற்கு மதிப்பெண் கிடையாது. அதை வைத்திருப்பதே, ஆசிரியர் தன் அனுபவத்தை மட்டும் வைத்து முதல் இரண்டுக்கும் பதில் எழுதிவிடாமல் தடுக்கத்தான்.

'க்ரப்', 'கா' என்று வாக்கிய முடிவில் வருகிறதே, அதையும் அளக்க வேண்டுமா?

கட்டாயம். ஆண் பேசினால் 'க்ரப்', பெண் பேசினால் 'கா'. நம் 'ங்க' மாதிரி மரியாதை ஒட்டு, ஆனால் இரண்டில் எது வரும் என்பது கேட்பவரைப் பொறுத்ததல்ல, பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது. சொல்லாமல் விட்டால் முரட்டுத்தனம். தோழர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒட்டாத பிள்ளை. ஆங்கில மூலத்தில் இதற்கு இணையான கேள்வியே இல்லை, புதிதாகச் சேர்க்க வேண்டும்.

பையன் 'கா' என்று முடிக்கிறான் என்றால் என்ன? அம்மாவோ டீச்சரோ சொன்னதை அப்படியே எதிரொலிக்கிறானோ என்று தோன்றும். எதிரொலிப் பேச்சு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றுதான். ஆனால் பெண்கள் மட்டுமே சுற்றியிருக்கும் வீட்டில் வளரும் சின்னப் பையன்கள் பலர் கொஞ்ச காலம் 'கா' போட்டுப் பேசி, பிறகு தாமாக மாறிக்கொள்கிறார்கள். நான்கு வயதில் இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒன்பது வயதில் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

'ஆம், இல்லை' கேள்விகளில் என்ன சிக்கல்?

தாய்லாந்து மொழியில் 'ஆம்' என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே சொல் கிடையாது. "சாப்பிடுறியா?" என்றால் "சாப்பிடுறேன்", நம்மைப் போலவே வினையைத் திருப்பிச் சொல்வார்கள். இதை ஆங்கிலக் கண்ணோடு பார்த்தால் எதிரொலி மாதிரித் தெரியும். வெறும் 'கா', 'க்ரப்' என்றாலும் 'ஆம்' ஆகலாம், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றும் ஆகலாம்.

உதவி கேட்பது, வேண்டியதைச் சொல்வது பற்றிய கேள்விகள்?

மாற்றத்திலேயே கடினமான பகுதி இது. 'க்ரெங்ஜாய்' என்று ஒரு மனநிலை. அடுத்தவருக்குச் சிரமம் கொடுத்துவிடக் கூடாதே என்ற தயக்கம். நம் சங்கோஜத்துக்குப் பக்கத்தில் வரும், ஆனால் சங்கோஜம் குணத்தில் கொஞ்சம் குறையாகவும் தொனிக்கும். க்ரெங்ஜாய் முழுக்க நற்பண்பு. அது இல்லாத குழந்தையைத்தான் குறை சொல்வார்கள். புரியாவிட்டாலும் வகுப்பில் கைதூக்காமல் இருப்பது, பசித்தாலும் நண்பன் வீட்டில் முதல் தடவை "பரவாயில்லை" என்பது எல்லாம் இதில் அடங்கும்.

எங்கள் மூலப் படிவத்தில் ஒரு சூழல் இருந்தது. நண்பன் உன் அழிரப்பரை வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை, நீ என்ன சொல்வாய்? "என் ரப்பரைத் திருப்பிக் கொடு" என்று தெளிவாக, மரியாதையாகக் கேட்டால் முழு மதிப்பெண். முன்னோட்டத்தில் ஒரு சிறுமி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கொஞ்சம் கடன் தர்றியான்னு கேப்பேன்." தன் ரப்பரையே! மதிப்பெண் விதிப்படி பூஜ்யம். ஆனால் அந்தப் பதிலில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். நண்பனுக்கு முகம் கெடாது, அவனுக்கே நினைவு வந்துவிடும், ரப்பரும் கைக்கு வரும். சமூகத் தொடர்புத் திறன் என்று எதைத் தேடிப் போனோமோ அது முழுசாக அங்கே இருந்தது, விதியில்தான் அதற்கு இடம் இல்லை.

பிறகு விதியைத் திருத்தினோம். நேராகக் கேட்பது, மறைமுகமாக உணர்த்துவது, இன்னொருவர் மூலம் சொல்வது, மூன்றும் முழு மதிப்பெண். பிடுங்குவது, அழுவது, ஆசிரியரிடம் ஓடுவது குறைவு. ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் தலைவலி. அது க்ரெங்ஜாயா, என்ன செய்வதென்று தெரியாததா? அதனால் ஒரு துணைக்கேள்வி: "மனசுக்குள்ள என்ன நினைப்ப?" திறன் உள்ள குழந்தை இங்கே மளமளவென்று பேசிவிடும்.

படங்களும் கதைகளும்?

பனிமனிதன், சாண்ட்விச் டப்பா, மஞ்சள் பள்ளிப் பேருந்து போன்றவற்றை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்து மாற்றிவிடுவார்கள். ஆபத்து, யாரும் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. ஒரு படத்தில் குழந்தைகள் வரவேற்பறையில் விளையாடுகிறார்கள், ஒரு பையன் பொம்மையைப் பிடுங்குகிறான். 'இங்கே என்ன தப்பு?' எங்கள் குழந்தைகள் சுட்டிக்காட்டியது காலில் இருந்த ஷூவை. வீட்டுக்குள் ஷூ! இன்னொரு படத்தில் ஆசிரியர் மாணவன் தலையைத் தட்டிக்கொடுக்கிறார், பக்கத்தில் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். தலை உயர்ந்தது, பாதம் தாழ்ந்தது என்று வளர்ந்த குழந்தைக்கு அந்தப் படத்தில் பார்க்க வேறு நிறைய இருக்கிறது.

பேச்சிலும் இதே கதை. "குண்டாயிட்டியே" என்று சொல்வது ஆங்கிலப் படிவத்தில் நயமற்ற பேச்சுக்கு உதாரணம். தாய்லாந்தில் அத்தை சொன்னால் அது நலம் விசாரிப்பு. நம் "என்ன இப்படி இளைச்சுட்ட?"வுக்கு அக்கா தங்கை.

அடுத்தவர் மனதில் தவறான நம்பிக்கை இருப்பதைக் குழந்தை புரிந்துகொள்கிறதா என்று பார்க்கும் கதைகள் தனி ரகம். 1985இல் வெளியான சாலி-ஆன் சோதனைதான் இதில் பிரபலம். சாலி கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள், ஆன் அதை எடுத்துப் பெட்டியில் வைக்கிறாள், திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? அந்த ஆய்வில் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டி என்றார்கள். இது போன்ற கதையில் 'நினைக்கிறாள்' என்பதற்குத் தாய்லாந்து மொழியில் இரண்டு வினைகள் கைவசம் உண்டு. 'கித் வா' பொதுவானது. 'நுக் வா' பெரும்பாலும் தப்பாக நினைத்ததற்கு வரும், "நீ ஊருக்குப் போயிட்டேன்னு நெனச்சேன்" என்று நாம் இழுத்துச் சொல்வது போல. இரண்டாவதைப் போட்டால் வாக்கியம் இயல்பாக இருக்கும், விடையும் அதிலேயே இருக்கும். மொழிபெயர்ப்பாளர் திறமைசாலியாக இருந்தால்தான் இந்தத் தப்பு நடக்கும்.

மரபுத்தொடர்களை நான் நீக்கச் சொன்னேன். 'யானை மேல் ஏறி வெட்டுக்கிளி பிடிப்பது' போன்ற அருமையான தொடர்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பள்ளியிலேயே பட்டியல் போட்டுக் கற்றுத்தருகிறார்கள். மனப்பாடம் செய்த குழந்தைக்கு முழு மதிப்பெண் கிடைத்தால் நாம் அளந்தது பாடப்புத்தகத்தை.

சேர்க்கச் சொன்னது ஒன்று உண்டு: 'நொய்ஜாய்'. உரியவர் நம்மைக் கண்டுகொள்ளவில்லையே என்று வருகிற மனத்தாங்கல். மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம் என்ற நான்கு முகப் படங்களில் அது இல்லை. ஆனால் வகுப்பறைச் சண்டைகளில் பாதி அதனால்தான் வருகிறது.

குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கேலியைக் கண்டுபிடிக்கும் கேள்விகள்?

தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள். 'மா' என்பதைச் சமமாகச் சொன்னால் 'வா', உயர்த்தி இழுத்தால் நாய், மேல் தொனியில் குதிரை. தொனி சொல்லுக்கே செலவாகிவிடுவதால் கேலியின் சுமையில் பெரும்பகுதியைக் கடைசியில் வரும் ஒட்டுச் சொற்களும் அசையை நீட்டுவதும் தாங்குகின்றன. ஆங்கில ஒலிப்பதிவின் ராகத்தைப் போலவே நடிக்கச் சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும். புதிதாக எழுதி, உள்ளூர்க் குழந்தைகளையே பேசவைத்துப் பதிவு செய்யுங்கள்.

முறைப்படி என்னென்ன கட்டங்கள்?

பலரும் பின்பற்றுவது 2000இல் பீட்டனும் குழுவினரும் வெளியிட்ட வரிசை. இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள், ஒருவருக்குத் துறை தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புவது, நிபுணர் குழு கூடுவது, 30 முதல் 40 பேரிடம் முன்னோட்டம். சர்வதேசச் சோதனை ஆணையமும் 2017இல் தன் வழிகாட்டுதலின் இரண்டாம் பதிப்பில் 18 நெறிகளைச் சொல்கிறது.

திருப்பி மொழிபெயர்ப்பதன் மேல் நம்மவர்களுக்கு அளவு மீறிய நம்பிக்கை. 'பிரியும்போது கையசைக்கிறது' என்பது தாய்லாந்து மொழிக்குப் போய் ஆங்கிலத்துக்கு அப்பழுக்கில்லாமல் திரும்பி வரும். சொல் பிழைத்தது, கேள்வி செத்தது. அதைக் காட்டிக்கொடுக்க இந்தக் கட்டத்தால் முடியாது. என் அனுபவத்தில் உருப்படியான தகவல் கிடைப்பது, அம்மாக்களையும் ஆசிரியர்களையும் உட்காரவைத்து "இந்தக் கேள்வி என்ன கேட்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்கும்போதுதான்.

ஐஓசி என்று ஒரு எண்ணைத் தாய்லாந்து ஆய்வேடுகள் எல்லாவற்றிலும் பார்க்கிறேன். அது என்ன?

ரோவினெல்லி, ஹாம்பிள்டன் இருவரும் 1977இல் முன்வைத்த அளவு. ஒவ்வொரு கேள்விக்கும் நிபுணர்கள், அது தன் நோக்கத்துக்குப் பொருந்தினால் +1, ஐயம் இருந்தால் 0, பொருந்தாவிட்டால் −1 போடுவார்கள், சராசரி 0.50க்குக் குறையாவிட்டால் கேள்வி தேறியது. மூவரில் இருவர் +1, ஒருவர் 0 என்றால் 0.67, தேறும். அந்த ஒருவர் −1 போட்டால் 0.33, போச்சு.

அங்கே க்ரெங்ஜாய் நிபுணர்களையும் விடுவதில்லை. மூத்த பேராசிரியர் அனுப்பிய கேள்விக்கு −1 போட யாருக்கு மனம் வரும்? 0 போட்டுவிட்டு ஓரத்தில் நாலு வரி எழுதுவார்கள். எண்ணை விட அந்த நாலு வரிதான் முக்கியம். தவிர, ஐஓசி சொல்வது நிபுணர்களின் கருத்து. குழந்தை அப்படி நடந்துகொள்கிறதா என்பதற்கு அது சான்றாகாது.

மூலத்தின் வெட்டுப்புள்ளியையே பயன்படுத்தலாமா?

கூடாது. எந்த மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசமோ என்று சந்தேகிப்பது என்ற எல்லைதான் வெட்டுப்புள்ளி. எஸ்சிக்யூவில் 15 என்பது அங்கே, அந்தக் குழந்தைகளிடம் கிடைத்த எண். கேள்விகளை நீக்கி, சேர்த்து, விதியை மாற்றிய பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தாய்லாந்தில் இயல்பாக வளரும் குழந்தைகள், மருத்துவர் உறுதிசெய்த ஆட்டிசம் உள்ள குழந்தைகள், பேச்சுத் தாமதம் மட்டும் உள்ளவர்கள் என்று மூன்று கூட்டத்திலும் போட்டுப் பார்த்துத்தான் புதுக்கோடு கிழிக்க வேண்டும். மூன்றாவது கூட்டத்தைச் சேகரிக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், படிவம் எல்லாத் தாமதத்தையும் ஆட்டிசம் என்று சொல்லிவிடும்.

பாங்காக்கில் உருவாக்கியது நாடு முழுக்கப் பொருந்துமா?

பொருந்தாது. வடகிழக்கில் ஈசான் பகுதி, மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வீட்டில் பேசுவது லாவோவுக்கு நெருங்கிய மொழி. வடக்கே சியாங் மாய் பக்கம் பெண்கள் 'கா'வுக்குப் பதில் 'ஜாவ்' என்பார்கள். தெற்கே பட்டாணி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் பெரும்பாலான வீடுகளில் பட்டாணி மலாய். முஸ்லிம் குழந்தை அங்கே முதலில் சலாம்தான் சொல்லும், கைகூப்புக் கேள்வியில் அதற்கு மதிப்பெண் போனால் பழி படிவத்தின் மேல். அங்கே தாய்மொழியிலிருந்து தொடங்கும் இருமொழிக் கல்வித் திட்டம் ஒன்றை மஹிடோல் பல்கலைக்கழகம் நடத்தி, 2016இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவு விருது பெற்றது. அந்தப் பகுதிக்கு வேலை செய்பவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

அங்கேயே உருவான கருவிகள் இல்லையா?

இருக்கின்றன. சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கச் சுகாதார அமைச்சின் டிஎஸ்பிஎம் கையேடு உண்டு. சமுத் பிராக்கானில் உள்ள யுவப்ரசாத் குழந்தை மனநல மருத்துவமனை 1 முதல் 4 வயதுக்கும் 4 முதல் 18 வயதுக்கும் ஆட்டிசம் வகைக் குறைபாடுகளைச் சலித்துப் பார்க்கும் பிடிடிஎஸ்க்யூ வினாநிரல்களை உருவாக்கியது. இவை சந்தேகத்தை எழுப்பும் கருவிகள். பள்ளி வயதுக் குழந்தைக்கு எந்தத் திறன் குறைகிறது, எதைக் கற்றுத்தரலாம் என்று நுணுக்கமாகச் சொல்லும் படிவத்துக்குத்தான் பஞ்சம். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டியிருப்பதால் ஆசிரியர்களுக்கு அது தேவை.

வெளிநாட்டுப் படிவத்தை எடுப்பதாக இருந்தால் முதலில் பதிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மொழிபெயர்த்து முடித்த பிறகு கேட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் எப்போது நிரப்புவது நல்லது?

பள்ளி மே நடுவில் திறக்கிறது. ஜூனில் படிவத்தைக் கொடுத்தால் டீச்சருக்குப் பிள்ளைகளின் செல்லப்பெயரே பாதிதான் தெரிந்திருக்கும். ஆகஸ்ட்டுக்குப் பிறகு கொடுங்கள்.

நாங்கள் பாங்காக்கில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மகள் வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் தாய்லாந்து மொழி பேசுகிறாள். இந்தப் படிவம் போடலாமா?

மதிப்பெண் எடுப்பதற்காகப் போட வேண்டாம். அவளை ஒப்பிட வேண்டிய கூட்டம் இதில் இல்லை. ஆனால் கேள்விகளை உரையாடலுக்குப் பயன்படுத்தலாம். ஆள் மாறும்போது அவள் மொழியையும் மரியாதையையும் மாற்றிக்கொள்கிறாளா? பாட்டியிடம் 'வாங்க', தம்பியிடம் 'வா', பார்த்துக்கொள்பவரிடம் 'கா' என்று தானாக மாறுகிறாள் என்றால் மனம் கொஞ்சம் ஆறலாம். மூன்று மொழியிலும் ஒரே மாதிரித் தடுமாறினால் மூன்றையும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். "தமிழை விட்டுவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

யாரும் சொல்லித்தராத சின்ன விஷயம் ஏதாவது?

பிறந்த தேதிக் கட்டம். தாய்லாந்தில் எழுதுவது புத்த ஆண்டு, நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 2017இல் பிறந்த குழந்தைக்கு அம்மா 2560 என்று எழுதுவார். நாங்கள் வைத்திருந்த எக்ஸெல் கோப்பு அந்த வயதைக் கணக்குப் போட்டுக் கழித்தல் ஐந்நூற்றுச் சொச்சம் என்றது, அதைப் பார்த்துச் சிரித்துத் திருத்திவிட்டோம். திருத்த முடியாமல் போனது வேறு வகை. சிலர் வெறும் '60' என்று கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எழுதியிருந்தார்கள், கோப்பு அதை 1960 என்று எடுத்துக்கொண்டது. வரிசையில் நடுவே அறுபதைத் தாண்டிய ஒன்றாம் வகுப்பு மாணவர்கள் நாலைந்து பேர் இருந்ததை வயதுவாரியாகப் பிரிக்கும்போதுதான் கண்டுபிடித்தோம். கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'பு.ஆ.' என்று அச்சடித்து, நான்கு இலக்கத்துக்கும் நான்கு பெட்டி போட்டுவிடுங்கள்.